மலைச் சரிவும் வான ஆராய்ச்சியும்



நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழும் நம்மவர்க்கு வானம் எளிதிற் கிட்டும் காட்சியன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கு எதிர்மலை தெரிவதில்லை. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் முகில், பொழுது சாயுமுன்னரே லயத்தின் கூரையை மூடிவிடும். வாரக்கணக்காக ஒரு விண்மீனையும் காணாமல் நாம் உறங்கச் செல்வதுண்டு.

சென்ற ஆண்டு, விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்த நாளொன்றில், பத்தாம் வகுப்பு மாணவருக்கு வானத்தைப் பற்றி நான் பேச நேர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், எங்கள் ஊரில் வானமே தெரிவதில்லையே! இதை நாங்கள் படித்து என்ன பயன்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அதே கேள்வியை வேறொரு வடிவில் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் என் தாய்மாமன் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்.

1964ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நேயர்கள் அறிவர். அதன்படி தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்ற பல்லாயிரவருள் என் மாமனும் ஒருவர். நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்துக்கு அருகே, உருளைக்கிழங்குத் தோட்டமொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. "இங்கே ஒரு மலைச்சரிவு முழுவதும் இரும்புச் சட்டங்களை நட்டு, கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது காலையிலிருந்து மாலைவரை கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்புகிறது. மழையிலும் மூடுபனியிலுங்கூடத் திரும்புகிறது. நட்சத்திரம் பார்க்கிறார்களாம். மூடுபனியில் என்ன தெரியும்? உன் வாத்தியாரிடம் கேட்டு எழுது" என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு அப்போது வயது பத்து. கேட்டு எழுத என்னால் இயலவில்லை. இன்று அதற்கு விடை கூற முயல்கின்றேன். நான் வரலாறு பயின்ற கலைப்பட்டதாரி, விஞ்ஞானி அல்லேன். ஆதலால் வரலாற்றின் வழியாகவே அவ்விடையைத் தேடுவோம்.

கலிலியோ 1609ஆம் ஆண்டில் தொலைகாட்டியை வானை நோக்கித் திருப்பினார் என்பதை அனைவரும் அறிவர். தமிழ்நாட்டில் இக்கலை வேரூன்றியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். சென்னை எழும்பூரில் வில்லியம் பெற்றி என்பார் 1786ஆம் ஆண்டு தம் சொந்தப் பொருளில் ஒரு வானாய்வு நிலையத்தை அமைத்தார். கிழக்கிந்தியக் கம்பனி அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கற்றூணில், அந்நிலையம் எழுந்த செய்தி பிற மொழிகளுடன் தமிழிலும் பொறிக்கப்பட்டது. நவீன வானியல் தமிழ் நிலத்தில் காலூன்றிய பொழுதே தமிழெழுத்தும் உடன் நின்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அந்நிலையத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867இல் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும் வண்ணம் பல மொழிகளில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தாம் கண்டதைத் தம் மக்களுக்கு அவர்தம் மொழியிற் கூறுவதும் தம் கடமை என்று அவர் கருதினார்.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். 1867இல் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வோர்த் என்னும் இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியொன்றை நிறுவி வியாழக் கோளை ஆராய்ந்தார். அக்கோளின் தென்பகுதியில் எழுந்த ஒரு பெருங் குழப்பத்தை 1901இல் அவர் கண்டறிந்தார். உலர்வலயத்தின் தெளிந்த வானம் அவருக்குத் துணை நின்றது. செவ்வாய்க் கோளிலுள்ள ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, நம் மலையக வரலாற்றோடு வான ஆராய்ச்சி வந்து கலக்கும் இடத்தைக் காண்போம்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முதியோர் கூறுவர். மழை பொய்த்தது, பல இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர் பிழைக்க வழிதேடியோரிற் பெருந்தொகையினர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். இன்று இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுட் பலருடைய முன்னோர் அவ்வழியே வந்தவராக இருக்கலாம்.

அதே பஞ்சம் ஆட்சியாளரின் உள்ளத்தில் வேறொரு கேள்வியை எழுப்பிற்று. பருவமழை ஏன் பொய்க்கின்றது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்புண்டா? இதனை அறிய வேண்டுமாயின் சூரியனை நாள்தோறும் ஆராய்தல் வேண்டும். சென்னையின் புழுதியும் வெப்பமும் அதற்கு ஏற்றவையல்ல. கெல்வின் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு, 1893இல் கொடைக்கானல் மலையைத் தெரிவு செய்தது. 1899இல் சூரிய ஆராய்ச்சி நிலையம் அங்கே தொடங்கிற்று. ஆக, நம் முன்னோரைக் கண்டி மலைக்கு ஏற்றிய அதே பஞ்சம், தொலைகாட்டியைப் பழனி மலைத்தொடருக்கு ஏற்றுவதற்கும் ஒரு காரணமாயிற்று.

கொடைக்கானலில் ஆராய்ந்தோர் சூரியனின் உருவத்தை மட்டும் நோக்கவில்லை. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தனர். முப்பட்டைக் கண்ணாடி வெண்ணிற ஒளியை ஏழு நிறங்களாகப் பிரிக்கும் என்பதை நியூற்றன் காட்டியிருந்தார். அந்நிற வரிசையே நிறமாலை. சூரியனின் நிறமாலையைக் கூர்ந்து நோக்கினால் அதிலே பல நூறு கருங்கோடுகள் காணப்படும். எந்த மூலகம் அங்கே உண்டு, அது எவ்வளவு வெப்பமாயிருக்கின்றது, நம்மை நோக்கி வருகின்றதா அன்றி விலகிச் செல்கின்றதா என்பவற்றையெல்லாம் அக்கோடுகள் கூறும்.

1868 ஆகத்து 18ஆந் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் நின்று, பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரியனின் விளிம்பிலெழுந்த சுவாலையின் நிறமாலையை ஆராய்ந்தார். கிரகணமில்லாத நாட்களிலும் அதனைக் காணலாம் என்று அவர் கண்டார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லொக்கியர் அத்தகைய நிறமாலையில் ஒரு மஞ்சட் கோட்டை ஆராய்ந்து, அது புவியில் அதுவரை அறியப்படாத மூலகத்துக்கு உரியதென்று முடிவு செய்தார். அதுவே ஈலியம். சூரியனில் முதலிற் கண்டறியப்பட்டுப் பின்னரே புவியிற் கண்டெடுக்கப்பட்ட பொருள் அது. கொடைக்கானலில் 1909இல் ஜோன் எவர்செட் நிறமாலைக் கோடுகள் சிறிது இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கின்றது என்று காட்டினார். உலகெங்கும் இன்று அது எவர்செட் விளைவு என்று வழங்கப்படுகின்றது.

எனினும் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகளே. முகில் மூடினால் கருவியையும் மூடிவைக்க வேண்டியதுதான். 1955 ஜூன் 20ஆந் தேதி நம் நாட்டின்மீது முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழுக்கள் இங்கு வந்தன. கடல் கடந்து கருவிகளைக் கொணர்ந்தவர் பலரை முகில் ஏமாற்றிவிட்டது. என் மாணவியின் முறைப்பாடு பேரறிஞருக்கும் உரியதே என்பதை நேயர்கள் காண்க.

இதற்கு மாற்று யாது? கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே ஒளியன்று என்னும் உண்மையே அம்மாற்றுக்கு வழி திறந்தது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல், நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்பைக் கடந்து, கண்ணுக்கு ஒன்றுந் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறக் கண்டார். அடுத்த ஆண்டில் ஊதாவுக்கு அப்பாலும் கண் காணாக் கதிர் உண்டென்று ரிட்டர் காட்டினார். இவையெல்லாம் மின்னும் காந்தமும் சேர்ந்து செல்லும் அலைகளே என்று பின்னர் மாக்ஸ்வெல் கணித வாயிலாக நிறுவினார். ஏட்ஸ் 1888 அளவில் அத்தகைய நீண்ட அலைகளைத் தம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கியே காட்டினார். அதன் வழித்தோன்றலே இவ்வானொலி.

கண் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் நான்கு பங்கு முதல் ஏழு பங்கு வரையுள்ளது. பண்பலை ஒலிபரப்பின் அலைநீளமோ ஏறத்தாழ மூன்று மீற்றர். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை, ஒரே வேகத்திற் செல்பவை, நீளத்திலேதான் வேறுபாடு. முகிலிலுள்ள நீர்த்துளி மிகச் சிறியதாயினும் ஒளியின் அலையோடு ஒப்பிடும்போது பெரியது. ஆகவே ஒளி அதன்மேற் பட்டுச் சிதறுகின்றது. நமக்கு வெண்புகையே தெரிகின்றது. மீற்றர் அளவான அலைக்கு அத்துளி ஒரு பொருட்டன்று. கடலலை கரையருகே நட்ட ஒரு சிறு முளையைக் கடந்து செல்வதுபோல அது முகிலைக் கடந்து சென்றுவிடும். மூடுபனி லயத்தை மறைத்த நாட்களிலும் நம் வீட்டு வானொலிப் பெட்டி வாயடைத்ததில்லை அல்லவா? என் மாமன் கேட்ட கேள்விக்கு விடை அப்பெட்டியிலேயே இருந்தது.

வானத்திலிருந்தும் இத்தகைய அலைகள் வருகின்றன என்று முதலிற் கண்டவர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவருக்கு இடப்பட்ட வேலை, கடல் கடந்து செல்லும் பேச்சைக் கெடுக்கும் இரைச்சலின் காரணத்தை அறிவதே. இடியால் எழும் இரைச்சலைப் பிரித்தறிந்த பின்னரும் ஒரு மெல்லிய சீறல் எஞ்சிற்று. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தை எட்டியது. விண்மீன்கள் வானைச் சுற்றிவரத் தோன்றும் காலமும் அதுவே! எனவே அச்சீறல் புவிக்கு உரியதன்று. தனு இராசியின் திசையில், நம் பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வருவதென்று அவர் 1933இல் அறிவித்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1950களில் அவுஸ்திரேலியாவில் இதனைப் பயின்றவர்களுள் கோவிந்த் சுவரூப் என்னும் இந்திய இளைஞரும் ஒருவர். 1929இல் உத்தரப் பிரதேசத்திற் பிறந்தவர் அவர். அவுஸ்திரேலியர் பயன்படுத்தி முடித்த, 1.8 மீற்றர் குறுக்களவுள்ள 32 கிண்ண அலைவாங்கிகள் இந்தியாவுக்கு நன்கொடையாக வந்தன. ஓமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் நாடு திரும்பிய சுவரூப், 1965இல் பம்பாயை அடுத்த கல்யாணில் அவற்றை நிறுவிச் சூரியனை ஆராய்ந்தார். ஆனால் அவருடைய எண்ணம் அதனினும் பெரிது.

அக்காலத்தில் வானொலி அலைகளை வீசும் பல பொருள்கள் விண்ணிற் கண்டறியப்பட்டிருந்தன. அவை வானில் எவ்விடத்தில் உள்ளன, எவ்வளவு அகலமுடையன என்று நுட்பமாகக் கூறுவதே அரிதாயிருந்தது. அதற்குச் சந்திரனைத் துணைகொள்ளலாம் என்று சுவரூப் கருதினார். சந்திரன் எந்நேரத்தில் எங்கே நிற்கும் என்பது மிக நுட்பமாகத் தெரியும். அதன் விளிம்பு ஒரு பொருளை மறைக்கும் நொடியைக் குறித்தால் அப்பொருளின் இடம் தெரியும். அது ஒரே கணத்தில் மறைகின்றதா, மெல்ல மெல்ல மறைகின்றதா என்று நோக்கினால் அதன் அகலம் தெரியும். சந்திரன் செல்லும் வழி நெடுகத் தொடர்ந்து நோக்க ஒரு மிகப் பெரிய கருவி தேவை. பெரிய கருவிக்குப் பெரும் பொருள் வேண்டும். அதற்கு என் செய்வது?

இங்கேதான் மலைச் சரிவு வருகின்றது. புவி தன் அச்சிற் சுழல்வதால் விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதுபோலத் தோன்றுகின்றன. ஒரு நீண்ட கருவியைப் புவியின் அச்சுக்கு இணையாகக் கிடத்தினால், அதை ஒரே அச்சில் மெல்ல உருட்டுவதாலேயே ஒரு பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். அவ்வாறு கிடத்த வேண்டுமானால், கருவியின் வடமுனை அவ்விடத்தின் அகலக்கோட்டின் பாகைக்குச் சமமாக உயர்ந்திருத்தல் வேண்டும். உதகமண்டலம் வடக்கே சற்றேறக்குறைய 11 பாகையில் உள்ளது. அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமுள்ள கருவியைச் சமவெளியில் அப்படிச் சாய்த்து நிறுத்த ஒரு முனையில் நூறு மீற்றர் உயரமான கட்டடம் எழுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக, வடக்கு நோக்கி 11 பாகை உயரும் இயற்கைச் சரிவு ஒன்றைத் தென்னிந்திய மலைகளிலே தேடினர். உதகைக்கு அருகே முத்தோரையில் அதனைக் கண்டனர். மலையே கருவியின் தாங்கியாயிற்று.

1970இல் நிறைவெய்திய அத்தொலைகாட்டி 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. சரிவின்மேல் வரிசையாக நிற்கும் 24 பரவளைவுச் சட்டங்கள். அவற்றின் குறுக்கே நீளவாட்டில் இழுத்துக் கட்டிய ஏறத்தாழ 1,100 துருவேறா உருக்குக் கம்பிகள். அக்கம்பிகளே அதன் ஆடி. கம்பிகளுக்கு இடையே வெளி இருக்கின்றதே, அலை புகுந்து போய்விடாதா? போகாது. அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்ரிமீற்றர். அதனோடு ஒப்பிடக் கம்பிகளுக்கிடையேயுள்ள வெளி மிகச் சிறிது. சல்லடைக் கண்ணினும் பெரிய கல் சல்லடையில் தங்கிவிடுவதுபோல என்று ஓரளவு கொள்ளலாம். இக்கருவியை இந்திய அறிஞரும் பொறியியலாளரும் தொழிலாளரும் தம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினர் என்பது பெருமைக்குரியது. ஒரு பொருளை நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரம் அதனால் தொடர முடியும். காலையிலிருந்து மாலைவரை அது திரும்புகின்றது என்று என் மாமன் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆயிரத்துக்கும் அதிகமான வானொலி மூலங்களின் நுட்பமான விவரங்கள் உதகையிலிருந்து வெளிவந்தன. தொலைவிலுள்ளவை, அதாவது பழங்காலத்தில் தம் அலையை நம்மை நோக்கி அனுப்பியவை, அண்மையிலுள்ளவற்றினின்றும் வேறுபட்டிருப்பதைச் சுவரூப்பும் விஜய் கபாகியும் 1970களின் நடுப்பகுதியிற் காட்டினர். பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருந்துவருகின்றது என்ற கொள்கைக்கு எதிராக, அது மாறி வளர்ந்து வந்தது என்ற கொள்கைக்கு அது வலுச் சேர்த்தது. பேரண்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதற்கு நீலகிரியின் சரிவொன்று சாட்சி பகர்ந்தது! 2020இல் மறைந்த சுவரூப், அதற்கு முன்னரே புனேக்கு வடக்கே 45 மீற்றர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட இன்னொரு பெருங் கருவியையும் நிறுவியிருந்தார்.

இவ்வாறு ஒளிக்கும் வானொலி அலைக்கும் வளிமண்டலம் வழிவிடுகின்றது. ஏனைய அலைகள் பெரும்பாலும் மேலேயே தடைப்பட்டுவிடுகின்றன. ஆகவே அவற்றுக்குரிய தொலைகாட்டிகளை விண்ணிலேயே நிறுத்தினர். எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதற் செய்மதி 1970 டிசம்பர் 12ஆந் தேதி கெனியக் கரையிலிருந்து ஏவப்பட்டது. அன்று கெனியாவின் சுதந்திர தினம். ஆகவே சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் உகுறு என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2015இல் சிறீகரிக்கோட்டையிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாற், ஊதா கடந்த கதிரையும் எக்ஸ் கதிரையும் ஒருங்கே நோக்க அமைந்தது. 2021 டிசம்பர் 25ஆந் தேதி சென்ற ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, செந்நிறக் கீழ்க்கதிரைக் கொண்டு விண்தூசியை ஊடுருவிப் பார்க்கின்றது. ஒரே விண்மீன் கூட்டத்தை ஒவ்வோர் அலையிலும் நோக்க, ஒவ்வொரு புதிய செய்தி கிடைக்கின்றது. ஒரே சாளரத்தின் வழியே பார்த்து வீடு முழுவதையும் அறிந்தேன் என்பவன் பேதை என்பதே இதன் படிப்பினை.

என் மாணவியின் கேள்விக்கு மீள்வோம். அடுத்த வாரம், வெயில் எறித்த ஒரு காலையில், பாகைமானியையும் நூலிற் கட்டிய சிறு கல்லையும் எடுத்துக்கொண்டு வகுப்போடு பாடசாலைக்குப் பின்னாலுள்ள தேயிலை மலைக்குச் சென்றேன். நுவரெலியா வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. வடக்கு நோக்கி 7 பாகை உயரும் சரிவு நம் தோட்டத்தில் உண்டா என்று தேடினோம். பெரும்பாலானவை அதனினும் செங்குத்தாயிருந்தன. முடிவில் பழைய நாற்றுமேடைக்கு அருகே ஏறக்குறைய 7 பாகைச் சரிவொன்றைக் கண்டோம். அவ்விடத்தைக் கண்டு சொன்னவள் அம்மாணவியே. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அவள் தாய் கூடையை இறக்கிவைத்து, என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். தாய்க்கு விளக்கம் சொன்னவளும் அவளே. நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு தொலைகாட்டி எழும் என்று நான் கூறவரவில்லை. ஆயினும், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைச் சரிவை நம்மவர் ஏறுவதற்குரிய இடமாகவும், இறாத்தலைக் கணக்கிட்டுக் கூலி பெறுவதற்குரிய இடமாகவுமே அறிந்து வந்துள்ளனர். பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தவர்க்கு வேறு எண்ணம் எழ நேரமேது? அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அந்த நேரம் வாய்த்துள்ளது. சரிவு என்பது புவியின் அச்சோடு உறவுடைய ஒரு கோணமுமாகும் என்று அன்று என் மாணவர் அறிந்தனர். முகில் மூடினால் வானம் இல்லாமற் போவதில்லை என்பதையும் அறிந்தனர்.

இவற்றையெல்லாம் விளங்கிக்கொண்டு பதில் எழுதும் அறிவு எனக்கு வந்த காலத்தில் என் மாமன் உயிருடன் இல்லை. நீலகிரியில் வாழும் அவர் பிள்ளைகள் இப்பேச்சைக் கேட்கக்கூடுமாயின், அவர்களுக்குச் சொல்வது இதுவே: உங்கள் தந்தை கண்ட அக்கம்பிகள் மூடுபனியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.